பெட்டியில் வந்த வேதம்



தாராவியின் குறுகிய சந்துகளிலும், மாதுங்காவின் கடைவீதிகளிலும், செம்பூரின் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ் மக்களிற் பலர், பிழைப்பை நாடித் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுட் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. ஊரைவிட்டுப் புறப்படும்போது வேதப் புத்தகத்தையும் ஞானப்பாட்டுப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தோர் பலர். பெட்டியில் வந்த வேதம் வாழ்க்கையில் இறங்கிற்றா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா.

சீஷன் என்றால் மாணாக்கன் என்பது பொருள். ஆசானின் சொற்களை மனப்பாடம் செய்பவன் மட்டும் மாணாக்கன் ஆகான். அவருடைய நடையைத் தன் நடையாக்கிக் கொள்பவனே மாணாக்கன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதனை ஒப்புக்கொள்ளுதல் எளிது. திங்கட்கிழமை காலையில் அதன்படி நடத்தலே அரிது.

இதற்கு உதாரணமாக, நம்மைப் போலவே ஊரைவிட்டு அயல்மொழி நாடு சென்ற தமிழர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர்தாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். 1909-இல் தாமே புறப்பட்டு, அந்நாளில் நைசாம் இராச்சியத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார். தெலுங்கு கற்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி முதல் நாளில் மறையும்வரை அம்மக்களிடையேதான் வாழ்ந்தார்.

அங்கே சபையிற் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் மாலா, மாதிகா எனப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினர். ஞானஸ்நானம் பெற்றவர் தம் கையைத் தலைமேல் வைத்து, இந்நற்செய்தியைத் தம்மோடு நிறுத்திக்கொள்வதில்லை என்று உறுதி கூறும்படி அசரியா செய்தார். எழுத்தறியாதவர் நற்செய்தியை எவ்வாறு அறிவிப்பது? வாழ்ந்து காட்டுவதால்தான். குடியை விட்டவனையும், வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தவளையும் கண்டபின்னரே, ஊரின் மற்ற வகுப்பாரிலும் பலர் சபையை நாடி வந்தனர்.

திருநெல்வேலிச் சபைகளிற் பிடியரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். செல்வர் தரும் பெருங்கொடை அன்று அது. நாள் தவறாமல் ஏழை வீட்டு அடுப்படியிலிருந்து எழும் சிறு பிடி. சீஷத்துவமும் அத்தகையதே. அது ஒரே நாளிற் செய்து முடிக்கும் தியாகம் அன்று. ஒவ்வொரு நாளும் எடுத்து வைக்கும் ஒரு பிடி.

மும்பை வாழ்விலே அப்பிடி யாது? கடை வைத்திருப்பவருக்கு அது தராசின் நேர்மை. தோற்பட்டறை நடத்துபவருக்கு, வேலையாளின் கூலியைப் பிடித்தம் செய்யாமல் உரிய நாளிற் கொடுத்தல். அலுவலகத்தில் இருப்பவருக்கு, கையூட்டுக்கு நீளாத கை. வாடகை அறையில் வாழ்பவருக்கு, அடுத்த அறை மராத்தியர் நோயுற்றபோது கதவைத் தட்டி விசாரித்தல்.

இவற்றினும் கடினமான ஒன்று உண்டு. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் வேதம் மட்டுமா இருந்தது? சாதியும் இருந்ததன்றோ! ஆலயத்தில் ஒரே பாத்திரத்திற் பங்கு கொண்டுவிட்டு, பெண் கொடுக்கும்போதும் வீடு வாடகைக்கு விடும்போதும் ஊரையும் சாதியையும் விசாரிப்போமாயின், நாம் எவருடைய மாணாக்கர்? நாடார் குலத்திற் பிறந்த அசரியா, தம் ஆயுளின் பெரும்பகுதியை மாலா, மாதிகா மக்களோடு கழித்தார். அவர் பெட்டியைத் திறந்து, வேண்டாததை வெளியே எறிந்தவர்.

இன்றிரவு நாமும் நம் பெட்டியைத் திறந்து பார்ப்போமாக. பிற சமயத்து அன்பர்களும் தத்தம் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். இந்தச் சோதனை எல்லாருக்கும் பொது.