சிதைவைப் படம் பிடித்தல்

பழுதுற்றுச் சிதையும் கட்டடங்களைத் தொடர்ப் படங்களாக எடுக்கவேண்டுமென்னும் அவா, புகைப்படக் கலையில் ஈடுபட்டோர் பலருக்கு உண்டு. தில்லியிலும் லக்னோவிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர்க்கு அதற்கான பொருள் அண்டைத் தெருவிலேயே கிடைக்கிறது. ஆயினும் காமிராவை உயர்த்துமுன், கலைஞர்கள் முன்பு இத்தகைய சுவர்களை எவ்வாறு நோக்கினர் என்று ஆராய்தல் நலம்.

ரோமாபுரியின் பாழ்மண்டபங்களைச் செப்புத் தகட்டில் தீட்டிய பிரானேசி (1720-1778), அவற்றின் அடியில் எறும்பு போன்ற மனித உருவங்களை நிறுத்தினார். அதனால் இடிபாடு மலையாய்த் தோன்றுகிறது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் மிகைப்படுத்திக் காட்டும் விருந்து.

பாரிஸ் நகரத்து அட்ஜே (1857-1927) வேறு வகையினர். கனத்த மரக் காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து, பல நாள் விடியற்காலையிலேயே புறப்பட்டு, மறைந்துகொண்டிருந்த பழைய பாரிஸின் சந்துகளையும் முற்றங்களையும் படிக்கட்டுகளையும் எடுத்தார். தம் படங்களுக்கு அவர் இட்ட பெயர் ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’. ஓவியர்கள் அவற்றை விலைக்கு வாங்கித் தம் சித்திரங்களுக்குத் துணையாகக் கொண்டனர். புகைப்படக்காரர் ஓவியரிடம் கற்பதுபோல, ஓவியரும் புகைப்படக்காரரிடம் கற்றிருக்கின்றனர் என்பது சுவையான செய்தி. அவர் படங்களில் புலம்பல் இல்லை. தேய்ந்த படிக்கல் தேய்ந்த படிக்கல்லாகவே நிற்கிறது. அவ்வடக்கத்தையே நான் முதற்பாடமாகக் கொள்வேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாகில் ஏறத்தாழ 2,000 சிப்பாய்கள் பிரிட்டிஷ் படையினரால் கொல்லப்பட்டனர். பெலிச்சே பியாட்டோ அவ்விடத்தைப் படமெடுத்தது 1858-இல். மாதங்கள் கழிந்தும் முற்றமெங்கும் எலும்புகள்! அவை படத்திற்காகவே பரப்பப்பட்டவை என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். மறக்கவியலாத படம்; எனினும் நெஞ்சம் அதனை நம்பத் தயங்குகிறது.

அதே 1858-இல் காப்டன் டிரைப், மதுரையில் பாழ்பட்டிருந்த திருமலை நாயக்கர் மகாலை எடுத்தார். நெகடிவ்களில் மேகங்களைத் தூரிகையால் சேர்க்கும் பழக்கம் அவருக்கும் உண்டு. வானத்தில் மேகம் சேர்ப்பதும் முற்றத்தில் எலும்பு சேர்ப்பதும் ஒன்றாகா என்பது என் கருத்து. மகால் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது; அதன் அன்றைய நிலையை அறிய அப்படங்கள் பெருந்துணை.

லக்னோ ரெசிடென்சி இன்றும் குண்டடித் தழும்புகளோடு இடிபாடாகவே பாதுகாக்கப்படுகிறது. அங்குச் செல்வோர் உச்சிவெயிலைத் தவிர்க்க. காலையின் சாய்கதிரில்தான் மெல்லிய செங்கற்களின் விளிம்பும் குழியும் நிழல் பெற்றுப் படத்தில் எழும்.

வட கொல்கத்தாவின் பழைய மாளிகைகள் வேறு. மாடி விளிம்பில் அரசங்கன்று வேரூன்றியிருக்கும். உள்ளே குடும்பங்கள் வாழும். கொடியில் துணி உலரும். துணியை எடுக்கச் சொல்லி வீட்டைப் பாழ்போலக் காட்டுவது பியாட்டோ சென்ற வழியே. வீட்டாரிடம் அனுமதி பெற்று, துணியும் வேரும் ஒரே படத்தில் விழும் இடத்தைத் தேடுக. முற்றத்தின் எதிர்த் தாழ்வாரம் பெரும்பாலும் பொருத்தமாக அமையும்.