கிடைக்குமா என்ற கேள்வி
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் உயர்தர மாணவியருக்கு ஆற்றிய உரை)



மண்டப வாசலில் வர்த்தகப் பிரிவுத் தங்கை ஒருத்தி என்னை மறித்து, “டொக்டர் அக்கா, எனக்கு ஜயவர்தனபுர முகாமைத்துவ பீடம் கிடைக்குமா?” என்று கேட்டாள். பெறுபேறு வந்த நாள் தொடக்கம் வெட்டுப்புள்ளி வெளியாகும் வரை நம் வீடுகளில் நித்திரையைக் கெடுப்பது இந்தக் கேள்விதான். மருத்துவ பீடத்துக்கும் கணக்கு இதுவேதான். எனவே அதையே பேசுகிறேன்.

முதலில், இசட் புள்ளி என்பது நீங்கள் எடுத்த மார்க்ஸ் அல்ல. மற்றவர்களோடு ஒப்பிடுகையில் நீங்கள் நிற்கும் இடம். ஒரு பாடத்தில் சராசரி 50, நியம விலகல் 15 என்றால், 80 எடுத்தவரின் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 40, விலகல் 16 என்றால், 72 எடுத்தவருக்கும் அதே 2. மூன்று பாடங்களினதும் சராசரியே உங்கள் இசட் புள்ளி. ஆகவே “மூன்று ஏ” என்பது மட்டும் விடையாகாது.

இரண்டாவது, மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கொழும்பிலுள்ள மச்சாளின் புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிடுவதில் பயனில்லை.

மூன்றாவது, சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டி மட்டுமே, வாக்குறுதி அல்ல. ஓர் ஆண்டை மட்டும் பாராமல் மூன்று நான்கு ஆண்டுகளைப் பாருங்கள். எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது தெரியும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதற்தடவை எனது புள்ளி முந்திய ஆண்டு வெட்டுப்புள்ளியைவிடச் சற்றுக் கூட. அம்மா அர்ச்சனையும் செய்து, அயலுக்குக் கற்கண்டும் கொடுத்துவிட்டார். விண்ணப்பத்தில் மருத்துவத்தைத் தவிர வேறொன்றையும் நான் எழுதவில்லை. அந்த ஆண்டு வெட்டுப்புள்ளி ஏறிவிட்டது. ஒரு வருடம் படலையைத் தாண்டக் கூச்சப்பட்டேன். அடுத்த தடவை எழுதித்தான் உள்ளே போனேன்.

வர்த்தகப் பிரிவில் படித்த என் தோழி விருப்ப வரிசையைக் கடைசிவரை நிரப்பினாள். கிடைத்தது நான்காவது விருப்பம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவம். அவள்தான் இன்று நம் பழைய மாணவியர் சங்கத்தின் பொருளாளர்.

விருப்ப வரிசையில் உண்மையாக விரும்புவதை முதலில் எழுதுங்கள். எட்டாததை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோகாது. எழுதாமல் விட்டது மட்டும் ஒருபோதும் கிடைக்காது.

நோயாளியின் வீட்டார் “பிழைப்பாரா?” என்று கேட்கும்போது நூற்றுக்கு இத்தனை பேர் என்றுதான் என்னால் சொல்ல முடியும். அந்த நூறில் இவர் எவர் என்று சொல்ல முடியாது. உங்களுக்கும் அப்படித்தான். கணக்கைச் சரியாகப் பாருங்கள். மூன்று தடவை எழுதலாம் என்பதையும் மறவாதீர்கள். வெட்டுப்புள்ளி அளப்பது ஒரு பரீட்சையை, உங்களை அல்ல.

பெற்றோரே, கற்கண்டை மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள்.