கிட்னி விஷயத்துல நம்ம குரலும் ஏறணும்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு உறுப்பு மாற்று சிகிச்சை பத்திப் பேசப் போறோம். "இது டாக்டருங்க விஷயம், நமக்கென்ன?"ன்னு நினைக்காதீங்க. இதுல கடன் இருக்கு, தரகர் இருக்கார், பெண்ணோட உடம்பு இருக்கு. மூணுமே நமக்குத் தெரிஞ்சதுதானே!

சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் 2001-ல் ஓர் ஆய்வு நடந்தது. விற்றவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு ஆய்வு நடந்தபோதும் கடன் இருந்தது! குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடம்பும் போச்சு, கடனும் தீரல. விற்றவர்களில் பெண்களே அதிகம்.

உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்தாச்சு. ஆனாலும் சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் மீனவப் பெண்கள் கிட்னி விற்ற செய்தி 2007-ல் வெளிவந்தது. 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் செய்தி வந்தது. அந்தச் சட்டப்படி காசு கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. 2011 திருத்தம் தண்டனையை 5 முதல் 10 ஆண்டு சிறை என்று உயர்த்தியது. தரகர் இதையெல்லாம் சொல்லுவாரா?

வீட்டுக்குள்ள கொடுக்கறதையும் யோசிங்க. புருஷனுக்குப் பெண்டாட்டி, மகனுக்கு அம்மா என்று உயிரோடு இருக்கும்போது உறுப்பு தருவோரில் பெண்களே அதிகம். பெறுவோரில் ஆண்களே அதிகம். பாசத்துல கொடுக்கறதை நாங்க குறை சொல்லல. ஆனா குடும்பமே சுத்தி நின்னு "சம்மதமா?"ன்னு கேட்டா எந்த மருமக இல்லைன்னு சொல்லுவா? அதனாலதான் 2014 மத்திய விதிகள், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் அவரது சுதந்திரமான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்கின்றன. அந்த வேறொருவர் மாமியாராகவே இருந்தா என்ன பிரயோஜனம்? இதைக் கேட்க வேண்டியது நாமதான்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர 2008-ல் தமிழக அரசு முறை வகுத்தது. அதே ஆண்டு ஹிதேந்திரன் என்ற பையனின் பெற்றோர் அவனது உறுப்புகளைத் தந்தது எல்லோருக்கும் தெரியும். 2023-ல் உறுப்பு தருவோருக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனா காத்திருப்போர் பட்டியல் எப்படி நகருது, அதுல ஏழைக்கு முறை வருதான்னு தெரிஞ்சாத்தானே கொடுக்கிற குடும்பத்துக்கு நம்பிக்கை வரும்?

முக்கியமான சேதி ஒண்ணு. 2011 திருத்தத்தில் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு சமூக சேவகர்கள் இருக்கணும். ஒருவர் பெண்கள் அமைப்பிலிருந்து வரணும். சட்டத்துலயே நமக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க அக்கா! அதுல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியுமா?

அதை எழுத்து மூலமா கேட்போம். ஒவ்வொரு குழுவும் அடுத்த வாரக் கூட்டத்துல இதைப் பேசி, தீர்மான நோட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. கூட்டமைப்பு மனுவோட சேர்த்து அனுப்பலாம். அக்டோபர் 2 கிராம சபையிலயும் இதை எழுப்புங்க. உங்க தெருவுல தரகர் நடமாட்டம் இருந்தா, கடன் பட்டவங்க வீட்டுக்கு முதல்ல போங்க. குழுவுல அவசரக் கடனுக்கு வழி இருக்கான்னு அன்னைக்கே பாருங்க.