சதுரங்கமும் புலமைப்பரிசிலும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



"சதுரங்கம் சோறு போடுமா?" என்று நம் வீடுகளிலே கேட்பதுண்டு. பரீட்சை நெருங்கினால் முதலிற் பெட்டிக்குள் பூட்டப்படுவதும் சதுரங்கப் பலகையே. அமெரிக்காவிலோ, அந்த ஆட்டத்தின் திறமையினாலேயே சர்வகலாசாலைப் புலமைப்பரிசில் பெறுவோர் இருக்கின்றனர். இதைக் கேட்டுச் சிலர் நம்ப மறுக்கிறார்கள். சிலர் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். இரண்டாவது தவறே பெரிது.

அந்நாட்டிலே கல்லூரிகளுக்கிடையிலான பான் அமெரிக்கன் சதுரங்கப் போட்டி 1946 இல் ஆரம்பமாயிற்று. ஆயினும், பரிசில் கொடுத்து ஆட்டக்காரரைச் சேர்க்கும் வழக்கம் வலுப்பெற்றது 1990 களிலேதான். பால்ரிமோரிலுள்ள மேரிலாந்து சர்வகலாசாலையிலே கணினிப் பேராசிரியர் அலன் ஷேர்மனும், டலஸிலுள்ள ரெக்சாஸ் சர்வகலாசாலையிலே இலக்கியப் பேராசிரியர் ரிம் றெட்மனும் இதனை வளர்த்தனர். முன்னது 1966 இலும் பின்னது 1969 இலும் தோன்றியவை. பழம்பெருமையில்லாத அக்கல்விக்கூடங்கள் கெட்டிக்கார மாணவரைத் தம்பால் இழுக்கச் சதுரங்கத்தைத் துணைக்கொண்டன. ஆகவே அவை தேடுவது ஆட்டக்காரனை மட்டுமன்று; ஆடத்தெரிந்த மாணவனையே.

பலகையிலே என்னை எப்போதும் தோற்கடிக்கும் நண்பன் ஒருவன் இதனை அறியாது, பரிசில் வருமென்று நம்பிப் பரீட்சைக்குத் தோற்றாமலே இருந்துவிட்டான். அவன் எழுதிய கடிதத்துக்கு வந்த மறுமொழி ஒரே வரி: முதலிற் பரீட்சைப் பெறுபேறுகளை அனுப்புக. அவனிடம் அனுப்புவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

எனவே, தேடுபவன் இரண்டு வாசல்களைத் தட்டவேண்டும். ஒன்று, அனுமதிப் பகுதி. அதற்குப் பெறுபேறுகள் வேண்டும். மற்றது, சதுரங்கப் பயிற்றுநர். அவருக்குச் சர்வதேசத் தரப்புள்ளியும், ஆடிய போட்டிகளின் விபரமும், நல்ல ஆட்டங்கள் சிலவற்றின் குறிப்பும் அனுப்பவேண்டும். பெருந்தொகையான பரிசில்கள் பெரும்பாலும் கிராண்ட் மாஸ்ரர்களுக்கே போகின்றன என்பதை மறைத்தல் நன்றன்று. ஆனால் சிறிய பரிசிலும் இகழத்தக்கதன்று. ரெக்சாஸ் மாநிலத்தின் அரசாங்கச் சர்வகலாசாலை ஒன்று, போட்டியின்பேரில் 1,000 டொலருக்குக் குறையாத பரிசில் பெற்ற வெளியூர் மாணவனிடம் உள்ளூரான் கட்டும் படிப்புக் கட்டணத்தையே அறவிட அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. இரு கட்டணங்களுக்குமுள்ள வித்தியாசமோ பல ஆயிரம் டொலர்.

பரிசில் கிடைத்ததும் கையொப்பமிட அவசரப்படலாகாது. உண்டியும் உறையுளும் அதில் அடங்குமா? எத்தனை ஆண்டுக்கு? புள்ளி குறைந்தால் நிறுத்துவார்களா? பயிற்றுநர் போய்விட்டால் என்னாகும்? கடைசிக் கேள்வி வீண் கேள்வியன்று. 2007 இல் ரெக்சாஸ் ரெக் சர்வகலாசாலையிலே சதுரங்க நிலையம் அமைத்த சூசன் பொல்கார், 2012 இல் சென்ற் லூயிஸ் நகரப் பக்கத்திலுள்ள வெப்ஸ்ரர் சர்வகலாசாலைக்கு மாறினார். அவருடைய அணியினரும் பெரும்பாலும் அவர் பின்னே சென்றனர். பரிசில் கல்விக்கூடத்தின் வாக்கா, பயிற்றுநரின் வாக்கா என்பதை எழுத்திலே கேட்டுக்கொள்ளவேண்டும். முதலாண்டுச் செலவுக்குப் பணம் உண்டென்று காட்டினாலன்றி மாணவர் விசா கிடையாது என்பதையும் மறக்கலாகாது.

நான் படித்தது மிஷன் பாடசாலையிலே. எசமான் கொடுத்த தாலந்தை மண்ணிற் புதைத்த ஊழியனின் கதையை அங்கே அடிக்கடி சொல்வார்கள். புதைத்தவன் கண்டிக்கப்பட்டான் என்பதே அப்போது என் மனத்திற் பதிந்தது. எசமான் திரும்பிவந்து எல்லாரிடமும் கணக்குக் கேட்டான் என்பது இப்போதுதான் விளங்குகிறது. பரிசில் பெற்றவனிடமும் ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் கேட்பார்கள். பலகையிலும் கேட்பார்கள், வகுப்பிலும் கேட்பார்கள்.

பெரியோர்களே, பிள்ளையின் பலகையைப் பூட்டிவைக்காதீர்கள். தம்பிமாரே, பலகையைத் திறந்ததற்காகப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இதுவே என் வேண்டுகோள்.