கண் கட்டிய பிள்ளைக்கு ஒளி



பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. மெழுகுதிரிகளை மந்திரித்துப் பவனி வருகிறோம். இரண்டு புறாக்களுக்கு மேல் கொடுக்க முடியாத ஏழைக் குடும்பத்தின் நாற்பது நாள் பிள்ளையைக் கையில் வாங்கி, ஒளி என்று அழைத்தார் முதியவர் சிமியோன். நாம் இன்று நினைப்பது அதைவிடச் சின்னப் பிள்ளைகளை. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலிருந்து காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் திரும்பும் குடும்பங்கள் பலவற்றில், மூன்றாம் நான்காம் நாளில் ஒரு குரல் எழும்: "பிள்ளை மஞ்சளா இருக்கே!"

நிறைமாதப் பிள்ளைகளிலேயே பாதிக்கு மேல் இந்த மஞ்சள் வரும். பெரும்பாலும் தானே மறையும். சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபினை வெளியேற்றப் பிள்ளையின் கல்லீரல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அளவு மீறினால் அது மூளையில் படியும். காது கேளாமல் போகலாம், கைகால் முடங்கலாம், உயிரே போகலாம். மூளை பாதித்தபின் அதைத் திருப்ப மருந்தில்லை.

1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில், குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட செவிலியர் வார்டு, வெயில் நாட்களில் அவர்களை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு பிள்ளையின் உடலெல்லாம் வெளுத்திருக்க, துணி முனை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. மருத்துவர்களிடம் தயக்கத்தோடு காட்டினார். எதையாவது பூசினீர்களா என்று கேட்டார்கள், வெயில்தான் என்றார். சன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட இரத்தத்திலும் பிலிருபின் குறைந்திருந்தது. 1958இல் மருத்துவர் கிரீமரும் உடன் உழைத்தோரும் விளக்குச் சிகிச்சையை உலகுக்கு எழுதினார்கள். பிள்ளையோடு நாளெல்லாம் இருக்கும் பெண் சொன்னதை மருத்துவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். நம் வீடுகளில் கேட்கிறோமா?

"அப்படியானால் வாசல் வெயிலே போதுமே" என்பீர்கள். போதாது. நீல ஒளி, அளந்த வலிமையில், உடல் முழுவதும், மணிக்கணக்கில் படவேண்டும். அப்போதுதான் பிலிருபின் நீரில் கரையும் வடிவுக்கு மாறி மலத்திலும் சிறுநீரிலும் போகும். வாசலில் காட்டிக்கொண்டிருந்தால் நாள்தான் கழியும். நம் ஊர் வெயில் பிஞ்சுத் தோலையும் சுட்டுவிடும்.

"கண்ணைக் கட்டிப் பெட்டியில போட்டுட்டாங்களே" என்று பாட்டிமார் அழுவதுண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிவரும் அப்பாக்களும் உண்டு. கட்டு, கண்ணைக் காக்கத்தான். பாலூட்ட எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் உதவாது, தாய்ப்பாலே உதவும். 2011 முதல் அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளம் பிள்ளைக்குச் சிகிச்சை இலவசம்.

தாய் பத்தியம் இருக்கவில்லை, மஞ்சள் துணி உடுத்தினாள் என்று பழி சொல்லாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு அந்தச் சொல் ஆறாது. தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையா என்று கேளுங்கள். பாச்சை உருண்டை போட்ட டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பிள்ளைக்குச் சுற்றாதீர்கள். சில பிள்ளைகளின் சிவப்பணுக்களை அது உடைக்கும்.

முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை பாதம்வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அன்பியக் குழுவினர் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது, பிள்ளையைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாதத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் முதலில் ஆட்டோ பிடியுங்கள். செபமாலையை ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லிக்கொள்ளலாம்.