நம் குழந்தைகளுக்கு ஒரு சொந்த இசை நாடகம்

(நமது கிளையின் இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருஷா வருஷம் நம் ஆண்டு விழாவில் குழந்தைகள் மேடை ஏறுகிறார்கள். பதிவு செய்த சினிமாப் பாட்டு ஒலிக்கும், அதற்கு ஆடுவார்கள், நாமும் கைதட்டிவிட்டு டிபனுக்குப் போவோம். அதில் தப்பில்லை. ஆனால் பதினைந்து வயது தாண்டிய பிள்ளைகள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. 'இது என்னுடையது' என்று அவர்கள் சொல்லிக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே கதை, வசனம், பாட்டு, மெட்டு எல்லாம் நாமே செய்த ஒரு மணி நேர இசை நாடகம் ஒன்றைப் போடலாம் என்பது என் யோசனை.

இது நமக்குப் புதிதல்ல. அருணாசலக் கவிராயர் ராமாயணத்தையே நாடகக் கீர்த்தனங்களாகப் பாடினார். தியாகராஜ ஸ்வாமிகள் 'நௌகா சரித்திரம்' செய்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரம்' தந்தார். வங்காளத்தில் தாகூர், இருபது வயது நிரம்புமுன், 1881-ல் 'வால்மீகி பிரதிபா' எழுதித் தம் வீட்டிலேயே அரங்கேற்றினார். வால்மீகி வேஷம் அவருக்கு. சரஸ்வதி வேஷம் அண்ணன் மகளுக்கு. குடும்பமே சேர்ந்து போட்ட நாடகம் அது.

சரி, என்ன கதை? நான் சிபாரிசு செய்வது ஸர் சி.வி. ராமன். விஞ்ஞானியின் கதையில் பாட்டு எங்கே வரும் என்று கேட்பீர்கள். அவர் கதையில் பாட்டை நாம் வலிந்து நுழைக்கவே வேண்டாம்.

நாலு காட்சிகள் போதும். முதல் காட்சி கல்கத்தா, 1907. பதினெட்டு வயதில் நிதி இலாகா உத்தியோகம். டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பலகை கண்ணில் படுகிறது. பகலில் ஆபீஸ் கோப்பு, மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. 1917-ல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் வேலையை ஏற்று, அரசாங்க உத்தியோகத்தை விடுகிறார். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த எனக்கு அந்த முடிவின் கனம் தெரியும். நம் வீடுகளில் 'எந்தப் படிப்பு, எந்த வேலை' என்று தினமும் நடக்கும் வாதத்தை அப்படியே இங்கே பாட்டாக்கலாம். அம்மா ஒரு அடி, பிள்ளை ஒரு அடி.

இரண்டாவது காட்சி, மிருதங்கம். சாதாரணமாகத் தோல் கட்டிய கொட்டில், அடிப்படை நாதத்தோடு எழும் துணை நாதங்கள் முழு எண் விகிதத்தில் அமையாது. அதனால் வெறும் சத்தம்தான் வரும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசிய கரும் கரணை அந்த விகிதத்தைச் சீராக்கிச் சுருதியோடு சேர்க்கிறது. இதை ராமன் ஆராய்ந்து 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார். ஒரு பையன் வெறும் கொட்டைத் தட்டட்டும். அடுத்தவன் மிருதங்கத்தைத் தட்டட்டும். பிரசங்கமே வேண்டாம், சபைக்குக் காதாலேயே புரிந்துவிடும்.

மூன்றாவது, 1921 கப்பல் பயணம். கடல் ஏன் நீலம் என்ற கேள்வி. கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்தால், பக்கவாட்டில் இளநீலமும் நேரெதிரில் செம்மஞ்சளும் தெரியும். காட்சி 28.2.1928-ல், ராமன் விளைவில் முடியட்டும். 1930-ல் நோபல் பரிசு.

நாலாவது காட்சியில்தான் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1933-ல் கமலா பாக்வத் என்ற பம்பாய்ப் பெண், பி.எஸ்ஸி. தேறி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். டைரக்டரான ராமன், பெண் என்பதால் இடமில்லை என்றார். அவர் விடாமல் போராடி, நிபந்தனையின் பேரில் சேர்ந்தார். ஒரு வருஷம் அவர் வேலையைப் பார்த்தபின் ராமன் மனம் மாறியது; மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

'நம் பெரிய மனிதரைப் பற்றி இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா?' என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். நாம் மறைத்தால் குழந்தைகள் கைபேசியில் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள். அதோடு, சான்றைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொள்வதுதானே விஞ்ஞானம்? நம் பெண் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வேஷம் கிடைக்காது.

இனி வேலை முறை. காட்சிக்கு ஒன்றாக நாலு பாட்டு, ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, ஆக ஆறு. ஒவ்வொன்றும் மூன்று நாலு நிமிஷம். பாட்டு முடியும்போது கதை நகர்ந்திருக்க வேண்டும். நகராத பாட்டை, எவ்வளவு இனித்தாலும், எடுத்துவிடுங்கள். ராகம் எளிதாக இருக்கட்டும். மோகனத்துக்கு ஐந்தே ஸ்வரம். வடக்கே வளர்ந்த குழந்தைகளுக்கு அது பூப் என்ற பெயரில் ஏற்கெனவே பழக்கம். சினிமா மெட்டு வேண்டாம். அது பிறர் சொத்து என்பது ஒன்று. அதைக் கேட்டதும் சபையின் நினைவு படத்துக்கு ஓடிவிடும் என்பது இன்னொன்று.

மெலட்டூர் பாகவத மேளாவில் முதலில் வரும் கோணங்கி போல நமக்கும் ஒரு கோணங்கி தேவை. தமிழும் ஹிந்தியும் கலந்து பேசிக் கதையைக் கோத்துத் தருவான். வசனம் ஒருவருக்கு ஒரு தடவையில் மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு முதலில் தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு வாரம் ஒத்திகை நடக்குமே, அதற்குள் எழுத்துக் கூட்டவும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுவது குழந்தைகளாக இருக்கட்டும். நாம் பிழை திருத்துவோம், டீ போட்டுக் கொடுப்போம், ஹாலுக்குப் பணம் கட்டுவோம். பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினம். அன்று திரை உயரட்டும். மற்ற ஊர்க் கிளைகளும் இந்தக் கதையைத் தங்கள் வழியில் எழுதிப் போட்டால் எனக்குப் பரம சந்தோஷம்.