நான்சி ஹாங்க்ஸ் யார் மகள்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நெல்சன் கவுன்டி என்றொரு வட்டாரம். அங்குள்ள நீதிமன்றப் பதிவுகளில் 1793-ஆம் ஆண்டு உயில் ஒன்று இருக்கிறது. எழுதி வைத்தவர் ஜோசப் ஹாங்க்ஸ் என்னும் விவசாயி. ஜனவரி 8-ஆம் தேதி உயில் எழுதினார். மே 14-ஆம் தேதி அது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டுப் பதிவேறியது. இடைப்பட்ட நான்கு மாதத்துக்குள் அவர் காலமாகிவிட்டார்.

பெரிய சொத்து எதுவும் இல்லை. 150 ஏக்கர் நிலமும் கால்நடைகளும்தான். மகன்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு குதிரை. தாமஸுக்கு மேஜர் என்ற செந்நிறக் குதிரை. ஜோஷுவாவுக்குப் பானி என்ற சாம்பல்நிறப் பெட்டைக் குதிரை. வில்லியமுக்குக் கில்பர்ட். சார்லஸுக்கு டோப். கடைக்குட்டி ஜோசப்புக்குப் பால்ட் என்ற குதிரையும் அந்த 150 ஏக்கரும். மகள்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கிடாரிக் கன்று: எலிசபெத்துக்கு ஜென்டில், பாலிக்கு லேடி, நான்சிக்குப் பைடி. மனைவியின் காலம் உள்ளவரை எல்லாம் அவருடைய அனுபவத்தில் இருக்கவேண்டும் என்பதும் உயிலின் ஏற்பாடு.

பைடி என்ற கன்றைப் பெற்ற அந்த நான்சியைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. காரணம், அமெரிக்காவின் 16-ஆம் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் தாயின் பெயரும் நான்சி ஹாங்க்ஸ்தான். அந்த நான்சியும் கென்டக்கியில் இதே ஹாங்க்ஸ் குடும்பத்தாரிடையே வளர்ந்தவர். ஆனால் அவரைப் பெற்றவர்கள் யார் என்பது தெளிவாக இல்லை.

லிங்கன் தம் தாயைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். 1859-இல் எழுதிய சிறு வாழ்க்கைக் குறிப்பில், தாய் ஹாங்க்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர், தமக்குப் பத்தாம் வயது நடக்கும்போது இறந்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய வழக்கறிஞர் தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் வேறு ஒன்றைச் சொன்னார். 1850 வாக்கில் இருவரும் குதிரை வண்டியில் வழக்குக்காகப் போய்க்கொண்டிருந்தபோது லிங்கன் மனம்விட்டுப் பேசினாராம். தம் தாய், லூசி ஹாங்க்ஸ் என்ற பெண்ணுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். தந்தை வர்ஜீனியாவைச் சேர்ந்த, நல்ல குடும்பத்து நிலக்கிழார் ஒருவர். இதை ஹெர்ண்டன் 1889-இல் வெளியான தம் நூலில் எழுதியபோது பலர் கொதித்துப்போனார்கள்.

அந்தக் கொதிப்பில்தான் 1793-ஆம் ஆண்டு உயில் வெளிச்சத்துக்கு வந்தது. ஹாங்க்ஸ் குடும்ப வரலாற்றைத் தேடிய கரோலைன் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் அதை எடுத்துக்காட்டி, 1899-இல் ஒரு நூல் எழுதினார். அவர் வாதம் எளிமையானது. லிங்கனின் தாய் 1784 வாக்கில் பிறந்தவர். உயில் எழுதப்பட்டபோது அவருக்கு ஒன்பது வயது. உயிலில் நான்சி என்று ஒரு மகள் இருக்கிறாள். ஆகவே அவளே லிங்கனின் தாய். முறையாகப் பிறந்தவள், தந்தை பெயர் சொல்லிக் கன்று கொடுத்துவிட்டுப் போன மகள். ஜோசப்பின் மனைவி ஷிப்லி என்ற குடும்பத்தில் பிறந்தவர் என்றும், பெற்றோரை இழந்த நான்சியை ஷிப்லி வழி உறவான பெர்ரி குடும்பம் வளர்த்தது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். படித்தவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. பல நூல்களில் இதுவே உண்மை என்று ஏறிவிட்டது.

ஆவணம் உண்மையானது. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. ஒரு பெயர் கிடைத்தவுடன் ஆள் கிடைத்துவிட்டார் என்று கொள்வது பரம்பரை ஆராய்ச்சியில் அடிக்கடி நிகழும் பிழை. பாட்டி, அத்தை பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் அந்தக் குடும்பங்களில் உண்டு. ஒரே தலைமுறையில் இரண்டு, மூன்று நான்சிகள் இருப்பது சாதாரணம். எனவே உயிலில் ஒரு பெயர் அகப்பட்டால் அடுத்து செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு: அந்தப் பெயர்கொண்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே பின்தொடர்ந்து, யாரை மணந்தார், எங்கே குடியிருந்தார், எங்கே இறந்தார் என்று பார்த்துவிடுவது. வில்லியம் பார்ட்டன் என்ற மதகுரு 1920-களில் கவுன்டி நீதிமன்றங்களின் பழைய ஏடுகளைப் புரட்டி அந்த வேலையைச் செய்தார்.

பைடியைப் பெற்ற நான்சியின் தடம் வேறு பக்கம் போகிறது. அவருக்குத் திருமணத்துக்கு முன்னால், 1799-இல் ஒரு மகன் பிறந்தான். அவன்தான் டென்னிஸ் ஹாங்க்ஸ், லிங்கனோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவன். பின்னர் அந்த நான்சி, லீவை ஹால் என்பவரை மணந்து நான்சி ஹால் ஆனார். லிங்கனின் தாயோ 1806 ஜூன் 12 அன்று தாமஸ் லிங்கனை மணந்தவர். இருவரும் ஒரே காலத்தில் கணவன் வீட்டுப் பெயர்களோடு வாழ்ந்த இரண்டு பெண்கள். ஒருவர் மற்றவராக இருக்க வழியில்லை.

இதை உறுதிசெய்யும் சாட்சி லிங்கனின் கையெழுத்திலேயே இருக்கிறது. 1860-இல் தேர்தலுக்காக எழுதிக் கொடுத்த குறிப்பில் ஜான் ஹாங்க்ஸ் என்பவரைப் பற்றிச் சொல்லும்போது, அவரும் தம் தாயும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் என்ற உறவைக் குறிப்பிடுகிறார். இந்த ஜான், கில்பர்ட் என்ற குதிரையைப் பெற்ற வில்லியமின் மகன். உயிலில் வரும் நான்சி வில்லியமின் தங்கை, ஜானுக்கு அத்தை. லிங்கனின் தாய் அவராக இருந்திருந்தால், ஜான் அவருக்கு அண்ணன் மகன் ஆகியிருப்பார். லிங்கன் சொன்ன உறவு சரியாக வரவேண்டுமானால் அவருடைய தாய் உயில் எழுதிய ஜோசப்புக்கு மகளாக இருக்க முடியாது, பேத்தியாகத்தான் இருக்க முடியும். பைடியைப் பெற்ற நான்சி அவருக்குச் சித்தி முறை. உறவுமுறையைத் தவறாமல் வைத்துப் பேசும் ஒருவரின் ஒரு வாக்கியம், ஒரு முழு நூலின் வாதத்தைச் சாய்த்துவிட்டது.

அப்படியானால் லூசி எங்கே? ஜோசப்பின் உயிலில் லூசி என்ற பெயரே இல்லை. இந்த மௌனத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் சொத்து ஆவணங்களைக் கையாளும் திறமை இருக்கிறது. உயில் என்பது யாருக்கு என்ன சேரவேண்டும் என்று சொல்லும் பத்திரம். பிள்ளைகளின் முழுப் பட்டியலைத் தரவேண்டிய கடமை அதற்கு இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு முன்பே கொடுத்தாயிற்று என்று விட்டிருக்கலாம். மனத்தாங்கலில் ஒதுக்கியிருக்கலாம். உயிலில் இல்லை என்பதால் மகள் இல்லை என்று ஆகிவிடாது. அதே நேரம், இல்லாத பெயரை வைத்து மகள்தான் என்று வாதிடவும் முடியாது. வேறு ஆவணம் வேண்டும். வர்ஜீனியாவின் ஹாம்ப்ஷயர் கவுன்டியில் 1782-இல் எடுத்த குடும்பக் கணக்கில் ஜோசப் ஹாங்க்ஸ் வீட்டில் 11 பேர் என்று இருக்கிறது. உயிலில் வரும் பிள்ளைகள் எட்டுப் பேர், பெற்றோர் இருவர். ஒருவர் கூடுதல். அந்த ஒருவர் லூசி என்று இந்த எண் நிரூபிக்கவில்லை. ஆனால் லூசிக்கு அங்கே இடம் இருக்கிறது என்று காட்டுகிறது.

லூசியைப் பற்றிய பதிவுகள் கென்டக்கியின் மெர்சர் கவுன்டியில் கிடைக்கின்றன. 1789 நவம்பரில் ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டில் நடுவர் குழு அவர் பெயரைச் சேர்த்தது. மறு ஆண்டு ஏப்ரல் 26 அன்று ஹென்றி ஸ்பாரோ என்பவர் அவரை மணப்பதற்கான உரிமம் கேட்டார். அப்போது லூசி தாமே ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: தமக்குத் தகுந்த வயது ஆகிவிட்டது, ஹென்றி உரிமம் வாங்கத் தமக்குச் சம்மதம் என்று. எழுத்துப் பிழைகளோடு இருந்தாலும் சொந்தக் கையெழுத்து. அந்த வட்டாரத்தில் பெரும்பாலான பெண்கள் கைக்குறி மட்டும் இட்ட காலம் அது. பழிச்சொல்லைச் சுமந்துகொண்டு தம் பேரில் தாமே பேசிய அந்தப் பெண்ணை, கௌரவத்துக்காகப் பேரனின் வரலாற்றிலிருந்து நீக்கப் பார்த்தது நியாயமற்ற செயல்.

லூசியை ஏற்றுக்கொண்டும் அவர்மேல் விழுந்த பழியைத் துடைக்க முயன்றவர்கள் உண்டு. லிங்கனின் இளமைக்காலத்தைக் கவுன்டி ஆவணங்களிலிருந்து மிகுந்த உழைப்போடு திரட்டியவர் லூயிஸ் வாரன். 1926-இல் வெளியான அவர் நூல் இன்றும் பயன்படுகிறது. அவர் கருத்துப்படி லூசி பிறப்பால் ஷிப்லி குடும்பத்துப் பெண்; ஜேம்ஸ் ஹாங்க்ஸ் என்பவரை மணந்து விதவையானவர்; நான்சி அந்தத் திருமணத்தில் பிறந்த குழந்தை. பெற்றோர் சம்மதம் கேட்காமல் லூசி தாமே சீட்டு எழுதிக் கொடுத்தது விதவை என்பதற்கு அடையாளம் என்றார். ஆனால் அந்தச் சீட்டு வயதைச் சொல்கிறதே தவிர, விதவை என்று எங்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் லிங்கனின் தந்தை வழியைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தாத்தா, அவர் பெயரும் ஆபிரகாம் லிங்கன், 1786-இல் உயில் எழுதாமலே கொல்லப்பட்டார். ஆனால் நிலம் இருந்தது. எனவே நீதிமன்றம் நிர்வாகியை நியமித்தது. பொருள்களுக்கு மதிப்புப் போட்டுப் பட்டியல் எடுத்தது. மூத்த மகனுக்கே நிலம் என்ற அன்றைய சட்டப்படி அது மார்டிகாய்க்குப் போனது. சொத்து கைமாறியதால் யார் யாருக்கு மகன் என்பது ஏட்டில் நின்றது. லூசிக்கும் அவர் மகளுக்கும் கேட்டுப் பெற எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் உறவைப் பதிந்து வைக்கவேண்டிய தேவை எந்த எழுத்தருக்கும் வரவில்லை. அப்படிப்பட்டவர்களைச் சொத்து ஆவணங்களில் சாட்சியாக, பிணையாளுக்கு வேண்டியவராக, ஓரத்தில்தான் தேடவேண்டியிருக்கிறது.

ஓரத்திலும் சில கிடைத்தன. தாமஸ் லிங்கன், நான்சி திருமணத்துக்கான 50 பவுண்டு பிணைப்பத்திரம் வாஷிங்டன் கவுன்டியில் இருக்கிறது. அதில் ரிச்சர்ட் பெர்ரி என்பவர் காப்பாளர் என்று குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். மணப்பெண் சார்பில் தந்தை முன்வந்து நிற்கவில்லை என்பது அதில் தெரிகிறது. மற்றொன்று இண்டியானாவில் 1818 செப்டம்பர் 21 அன்று தாமஸ் ஸ்பாரோ எழுதிய உயில். இவர் லூசியின் கணவர் ஹென்றிக்கு உடன்பிறந்தவர். இவர் மனைவி, ஜென்டில் என்ற கன்றைப் பெற்ற எலிசபெத். அக்காள் தங்கை இருவரும் அண்ணன் தம்பி இருவரை மணந்திருக்கிறார்கள். நான்சியையும் பிறகு டென்னிஸையும் வளர்த்தவர்கள் இந்தத் தம்பதியே. உயிலின்படி எல்லாம் எலிசபெத்துக்கு; அவர் காலத்துக்குப் பின் டென்னிஸுக்கு. இந்த உயிலை மட்டும் படித்தால் டென்னிஸை அவர்களுடைய மகன் என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் அவன் வளர்ப்புப் பிள்ளை. அந்த உயிலுக்குச் சாட்சியாகக் கைக்குறி இட்டவர் நான்சி லிங்கன். நச்சுச்செடியை மேய்ந்த மாடுகளின் பாலால் பரவிய நோய் ஸ்பாரோ தம்பதியைக் கொன்றது. அதே நோயால் அக்டோபர் 5 அன்று நான்சியும் இறந்தார்.

குடும்பத்தார் வாய்மொழி உதவியதைவிடக் குழப்பியதே அதிகம். 1866-இல் ஹெர்ண்டன் கேட்டபோது, லிங்கன் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் ஹாங்க்ஸ் அல்ல, ஸ்பாரோ என்றே டென்னிஸ் எழுதினார். தாயின் கணவர் பெயரை மகளுக்கும் சூட்டி, மூடவேண்டியதை மூடிவிட்டார். தம் பிறப்பும் அப்படிப்பட்டது என்பதால் அவருக்கு அந்தத் தயக்கம் இருந்ததில் வியப்பில்லை.

லூசி ஷிப்லியா ஹாங்க்ஸா என்ற கேள்விக்கு 2015-இல் மரபணு ஆய்வு விடை தந்தது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பெண்வழி வாரிசுகளிடம் சோதித்தார்கள். நான்சிக்கு நேர் பெண்வழி இன்று இல்லை. ஒரே மகள் சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்துபோனார். ஆகவே லூசிக்கு ஸ்பாரோ வழியில் பிறந்த மகள்களின் வழியையும், ஜோசப் ஹாங்க்ஸ் தம்பதியின் மற்ற மகள்களின் வழியையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் ஒரே அரிய வகை அமைந்திருந்தது. ஜோசப்பின் மனைவி ஆன் லீயின் மகள்தான் லூசி என்பது இதனால் உறுதிப்பட்டது. உயிலில் பெயரில்லாத மகள் மகளாகவே நின்றார். அவர் விதவை ஷிப்லி என்ற வாதம் விழுந்தது. மரபணு லூசிவரை சொல்கிறது. லூசியிலிருந்து நான்சிக்கு வரும் படியை இன்றும் தாங்கி நிற்பவை லிங்கன் குறித்த உறவுமுறையும், ஹெர்ண்டனின் சாட்சியமும், கவுன்டி ஏடுகளும்தான்.

நான்சியின் தந்தை பெயரை எந்த ஆவணமும் இதுவரை தரவில்லை. ஜோசப் குடும்பம் கென்டக்கிக்கு வருமுன் இருந்தது வர்ஜீனியாவின் ஹாம்ப்ஷயர் கவுன்டி. அதற்கும் முன்னால் ரிச்மண்ட் கவுன்டி. முறைதவறிப் பிறந்த குழந்தையின் பராமரிப்புக்காக நீதிமன்றம் இட்ட ஆணையிலோ, நிலக்கிழார் ஒருவர் உறவு சொல்லாமல் எழுதிவைத்த சிறு தொகையிலோ அந்தப் பெயர் இருக்குமானால், தேடவேண்டிய ஏடுகள் அந்த இரண்டு கவுன்டிகளுடையவை.